நீட் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்து மற்ற விண்ணப்பங்களை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் சின்னதாக ஒரு கணினி மையம் நடத்துகிறேன். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கமிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் மே, ஜூன் மாதங்களில் எனக்கு முழுநேர வேலை. வருஷா வருஷம் ஒரே விஷயத்தைப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். பிளஸ் டூவை ஒழுங்காக எழுதிய பிள்ளை, நீட்டையும் எழுதிவிட்டு, "ரிசல்ட் வரட்டும்ணா, பார்த்துட்டு மத்ததுக்குப் போடலாம்" என்று போய்விடுகிறது. மார்க் குறைவு என்று தெரிந்து திரும்பி வரும்போது பல இடங்களுக்குத் தேதி முடிந்துவிடுகிறது.

2025-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நீட் தேர்வு மே 4, ரிசல்ட் ஜூன் 14. பொறியியல் கலந்தாய்வுப் பதிவோ மே 7-ல் தொடங்கி ஜூன் 6-லேயே முடிந்துவிட்டது. துணைக் கலந்தாய்வு இருக்கிறதே என்பார்கள். அது மிச்சம் இருக்கும் இடங்களுக்குத்தான், கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் கேட்ட பிரிவு அதுவரை மிச்சமிருக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

இன்னொரு குழப்பம் மார்க் பற்றியது. அந்த வருஷம் 720-க்கு 113 எடுத்த பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகள் தகுதி பெற்றார்கள். அதைக் கேட்டதும் சீட்டே கிடைத்துவிட்டதாகச் சில வீடுகளில் நினைக்கிறார்கள். அரசுக் கல்லூரி சீட்டுக்கு அது எங்கேயும் போதாது. இதற்கு நேர்மாறாக, தகுதி மார்க்கைத் தாண்டிய அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் "நமக்கு எங்கே கிடைக்கப் போகுது" என்று மருத்துவக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கவே மாட்டேன் என்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் போட்டி அவர்களுக்குள்ளேதான். எம்.பி.பி.எஸ். மட்டுமல்ல, பல் மருத்துவம், சித்தா, ஹோமியோபதிக்கும் அது உண்டு. மார்க் சுமாராக இருந்தாலும் போட்டு வையுங்கள்.

போன வருஷம் காபித் தோட்டத்து வேலைக்குப் போகும் அம்மாவோடு ஒரு பெண் வந்தாள். சான்றிதழ் எல்லாம் துணிக்கடைக் கவரில் மடிப்புக் கலையாமல் இருந்தது. நீட்டில் மார்க் வரவில்லை. ஒரு பயிற்சி மையத்திலிருந்து போன் பண்ணி, இன்னும் ஒரு வருஷம் படித்தால் கட்டாயம் சீட்டு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள், அவரும் கடன் வாங்கக் கிளம்பிவிட்டார். பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூ மார்க்தான், நீட் வேண்டாம் என்று நான் சொன்னதும் அந்தப் பெண் இரண்டு தடவை "நிஜமாவா அண்ணா" என்று கேட்டாள். அன்று சாயந்திரமே போட்டோம். ஓ.டி.பி. வர போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓட வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

கால்நடை மருத்துவமும் அப்படித்தான், நம் தலைவாசல் கல்லூரி உட்பட மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்தான். வேளாண்மைக்கும் அதேதான். இதெல்லாம் பிள்ளைகளுக்கு மே மாதத்திலேயே தெரிய வேண்டாமா?

அப்புறம் மலைவாழ் பிள்ளைகளுக்கு எஸ்.டி. சான்றிதழ் தாசில்தாரோடு முடிகிற வேலை இல்லை, கோட்டாட்சியர் வரை போக வேண்டும். தேர்வு முடிந்தபின் அலைந்தால் நேரம் போதாது. பிளஸ் ஒன்னிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: நீட் எழுதிய பிள்ளைகளை மே மாதத்திலேயே கூப்பிட்டு, ஹைடெக் லேபில் உட்கார வைத்து மற்ற படிப்புகளுக்கும் விண்ணப்பிக்க வையுங்கள். தங்கள் நாளிதழும் ஒவ்வொரு படிப்புக்கும் கடைசித் தேதி என்ன, நீட் வேண்டுமா வேண்டாமா என்பதை ஒரே கட்டத்தில் போட்டு வாரம் ஒருமுறை வெளியிட்டால், அதை வெட்டி என் மையத்து வாசலில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் ஒரு வாசகர்,
ஏற்காடு