தையல் அக்காவுக்கு, அப்புறம் உங்கள் எல்லோருக்கும்

ஆபரேஷன் புண்ணில் ஊறுகிற நீரை வெளியே எடுக்க வைத்திருந்த டிரெயின் குழாயை நேற்றுதான் எடுத்தார்கள், கை ஓரளவு தூக்க வருகிறது, அதனால் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு மார்பில் வைத்திருந்த சிலிக்கான் பை (இம்பிளான்ட்) உள்ளேயே கிழிந்து, அதை எடுக்க வேண்டி வந்தது உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி சொல்லப்போவதில்லை.

பழையபேட்டையில் எனக்கு ரவிக்கை தைக்கிற அக்காவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். புற்றுநோய் ஆபரேஷனுக்கு முன்னாலிருந்தே அவரிடம்தான் தைக்கிறேன். அன்றைக்கு டேப்பை வைத்துப் பார்த்தவர், கடையில் இருந்த பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு, தன் அளவு நோட்டைத் திருப்பிக் காட்டினார். "இடது பக்கம் போன தடவை மாதிரி இல்ல கண்ணு, தட்டையா எறங்கியிருக்குது. டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வா, அப்புறம் தைக்கலாம்." எனக்கோ வலி இல்லை, வீக்கம் இல்லை. சிலிக்கான் பை கிழிந்தால் பெரும்பாலும் அப்படித்தானாம், சத்தமே இருக்காது; உப்புநீர் நிரப்பிய பையாக இருந்தால் சட்டென்று சுருங்கிக் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால், அக்கா கொடுத்தனுப்பிய பருத்தி ரவிக்கை காத்திருக்கிறது. முன்பக்கம் கொக்கி, தளர்வான கை, உள்ளே குழாயின் பாட்டில் உட்கார ஒரு பை. யார் சொல்லித் தைத்தீர்கள் என்று போனில் கேட்டேன். "கொழா தொங்குமில்ல" என்றார், அவ்வளவுதான். காசு பேச்செடுத்தால் போனை வைத்துவிடுகிறார், இந்த அக்காவிடம் இதுதான் வம்பு.

உடனே ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்த தருமபுரி டாக்டரம்மா, எம்.ஆர்.ஐ. படத்தில் சேமியா மாதிரி மடிந்து கிடந்த கோடுகளைக் காட்டி "இதுதான் கிழிந்த உறை, உள்ளே இருந்த ஜெல் இன்னும் பையைச் சுற்றி உடம்பு வளர்த்த தழும்புச் சவ்வைத் தாண்டவில்லை" என்று பொறுமையாக விளக்கிய பெங்களூர் டாக்டர், ஜெல்லையும் அந்தச் சவ்வையும் சுத்தமாக எடுத்த குழு, நடுராத்திரியில் வண்டி எடுத்த மச்சான், களி கிண்டிக் கொடுத்த பெரியம்மா, எல்லோருக்கும் நன்றி.

இனி சிலிக்கான் வைத்துக்கொண்ட யாரைப் பார்த்தாலும் விடப்போவதில்லை. வலி இல்லாவிட்டாலும் பை வைத்த 5, 6 ஆண்டுகளில் ஒரு அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ, பிறகு 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை, மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்வதும் அதுதான். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) மட்டும் எடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள், கிழிசல் அதில் தெரியாமலே போகலாம். பை வைத்தபோது அதன் விவரம் எழுதிக் கொடுத்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள், டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். துணைக்கு ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் பஸ்ஸுக்கா பஞ்சம்?