நாள் கடந்து எழுதப்படும் போலிக் அமிலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் அண்ணன் மகளுக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே வலிப்பு நோய் உண்டு. திருமணமான பின்னரும் ஒன்றரை ஆண்டுகளாக, வல்ப்ரோயேட் மாத்திரைக்காக மாதந்தோறும் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி நகரத்து வைத்தியர் ஒருவரிடம் சென்று வந்தாள். பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று அவர் ஒருமுறையேனும் கேட்கவில்லை. கர்ப்பமாகிப் பத்தாவது வாரத்தில் இவளாகச் சொன்ன பிறகுதான், மருந்துத் துண்டின் அடியில் போலிக் அமிலம் (folic acid) என்ற உயிர்ச்சத்தின் பெயர் ஒரு வரியாகச் சேர்ந்தது. மஞ்சள் நிறச் சிறு மாத்திரை, விலையும் அற்பம். குழந்தை குறையின்றிப் பிறந்தது எங்கள் அதிர்ஷ்டமேயன்றி அந்த வரியின் பயனன்று.

மூளையும் முள்ளந்தண்டு வடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டாகி ஏறக்குறைய 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அதாவது, மாதவிலக்கு இரண்டு வாரம் தள்ளிப்போகும் வேளையில் காரியம் முடிந்துவிடும். தோட்டத்து லயக் குடியிருப்பிலுள்ள பெண் மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லவே அதைவிட அதிக நாள் எடுக்கும். அந்தக் குழாய் சரியாக மூடாவிட்டால் பிள்ளை மூளை அல்லது முள்ளந்தண்டுக் குறைபாட்டுடன் பிறக்கலாம்; அந்த அபாயத்தைக் குறைப்பது போலிக் அமிலம். எனவே, கர்ப்பம் தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உடலில் சேர வேண்டும். இக்குறைபாடுள்ள பிள்ளையை முன்பு பெற்ற தாய்மாருக்கு 4 மில்லிகிராம் கொடுத்தபோது, அது மீண்டும் நேர்வது 72 சதவீதம் குறைந்ததை 1991ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபையின் ஆய்வு காட்டிவிட்டது. வல்ப்ரோயேட் இந்த அபாயத்தைக் கூட்டும் மருந்து. ஆகவே அதை எழுதும் வைத்தியரே, கர்ப்பத்துக்கு முன்பே மருந்தை மாற்றலாமா என்றும் போலிக் அமிலத்தைக் கூடிய அளவில் கொடுக்க வேண்டுமா என்றும் ஆராய வேண்டியவர். (நோயாளி தானாகவே வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடுவது பேராபத்து.)

போலிக் அமிலத்தை அறியாத வைத்தியர் இங்கு எவருமில்லை. அது தேவைப்படும் நாளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கீரை சாப்பிடச் சொல்வதோடு சிலர் நிறுத்திக்கொள்வதும் உண்டு. நெடுநேரம் அவித்த கீரையில் அந்தச் சத்தின் பெரும்பகுதி போய்விடும்.

புதுமணத் தம்பதியருக்கு இம்மாத்திரையைக் குடும்பநல உத்தியோகத்தர் இலவசமாக வழங்கும் ஏற்பாடு நம் இலங்கையில் இருக்கிறது. ஆனால் அவர் மலையேறி வரும் வேளையில் பெண்கள் கொழுந்து மலையில் நிற்கிறார்கள். அதே பெண்கள் காய்ச்சலுக்கும் கைவெட்டுக்கும் தோட்ட டிஸ்பென்சரிக்கோ நகரத்துக் கிளினிக்குக்கோ தாமாகவே வருகிறார்கள். வலிப்பு, நீரிழிவு உள்ளவர்கள் மாதம் தவறாமல் வருகிறார்கள். அங்கிருக்கும் வைத்தியர்கள், பிள்ளை பெறும் வயதிலுள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்டுத் துண்டில் குறிக்கும் நடைமுறையைச் சுகாதார வைத்திய அதிகாரிகள் ஏற்படுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பொகவந்தலாவை.