கறுப்பைப் பார்த்து வாங்காதே, அம்மிணி

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

நீ அனுப்பிய மூன்று கூலிங் கிளாஸ் படங்களையும் உன் அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மாவுக்கு அந்த வட்டக் கம்பி ஃப்ரேம்தான் பிடித்திருக்கிறது. போனில் பேசினால் சோலார் சைட்டில் யாராவது கூப்பிட்டு நீ பாதியிலேயே வைத்துவிடுவாய் என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுத்திலேயே அனுப்புகிறேன்.

பாலக்காட்டுக்கும் கோவைக்கும் இடையே நான் லாரி ஓட்டிய காலத்தில், 2017இல் ஜிஎஸ்டி வந்து வாளையாற்று வணிகவரிச் சோதனைச்சாவடி எடுக்கப்படும்வரை, சரக்கு வண்டிகளின் வரிசையில் மணிக்கணக்காக வெயிலில் காத்துக்கிடப்பதும், கணவாய்க் காற்று வாரிக்கொண்டு வரும் புழுதியும் எங்களுக்கு அன்றாடம். அந்த வரிசையில் ஒவ்வொரு வண்டியாக வந்து விற்றவர்களிடம் வாங்கிய கண்ணாடிகளைத்தான் வருடக்கணக்காகப் போட்டிருந்தேன்; எவ்வளவு கறுப்போ அவ்வளவு காப்பு என்று உறுதியாக நம்பினேன். வலது கண்ணின் வெள்ளையில், மூக்கோரமாகச் சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறத் தொடங்கியபோது, அதை அகற்றிய டாக்டர்தான் என் நம்பிக்கை தவறென்று பொறுமையாக விளக்கினார்.

கறுப்புச் சாயம் குறைப்பது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை; கெடுதல் செய்யும் புற ஊதாக் கதிரோ கண்ணுக்குத் தெரியாதது. அதைத் தடுக்கும் தன்மை லென்ஸில் இல்லாமல் சாயம் மட்டும் இருந்தால், இருட்டென்று நினைத்துக் கண்பாவை விரிந்துகொள்கிறது, விரிந்த வாசல் வழியே அந்தக் கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகிறது. கண்புரைக்கு அது ஒரு காரணம். சதை ஏன் மூக்கோரத்தில் வளர்ந்தது என்று கேட்டேன். காதுப் பக்கமிருந்து சாய்வாக நுழையும் வெயில், கருவிழியின் வளைவில் திரும்பி, எதிர்ப்புறமான மூக்கோரத்தில் போய்க் குவிகிறதாம். என் கண்ணாடியின் இரு பக்கமும் விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

ஆகவே முதலில் நிறத்தைப் பார்க்காமல் கண்ணாடியோடு வரும் விவரச் சீட்டைப் பார். யுவி 400 என்று இருக்கவேண்டும்; 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள புற ஊதாக் கதிர்கள் அனைத்தையும் லென்ஸ் தடுக்கும் என்பது அதன் பொருள். சீட்டை நம்பத் தயக்கமாக இருந்தால், நல்ல கண்ணாடிக் கடையில் இதை அளக்கும் சிறு கருவி இருக்கும், அதில் வைத்துக் காட்டச் சொல். இந்தத் தடுப்பை மலிவான லென்ஸிலும் கொடுக்க முடியும் என்பதால் விலை எதையும் உறுதிசெய்யாது. கறுப்பின் அளவை 0 முதல் 4 வரை எண்ணாகத் தனியே போட்டிருப்பார்கள்: 3 என்றால் நூற்றில் 8 முதல் 18 பங்கு ஒளி உள்ளே வரும், பகல் வெயிலுக்கு அது போதும், 4 என்றால் 3 முதல் 8 பங்குதான் வரும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. நீ அனுப்பியதில் அந்தப் பளபளக்கும் கண்ணாடி 4 என்று படத்திலேயே தெரிகிறது. தினமும் ஜீப் ஓட்டும் உனக்கு அது வேண்டாம்.

சைட்டில் நீ நாள் முழுக்க சோலார் தகடுகளுக்கு நடுவே நிற்கிறாய். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, விட்டு வெயிலடித்ததும் நனைந்த ரோடு கண்ணைப் பறிக்குமே, அதே கூச்சம்தான் அந்தத் தகடுகளிலும். இதற்குப் போலரைஸ்டு லென்ஸ்தான் பொருத்தம், ஏனென்றால் தட்டையான பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் படுக்கைவாட்டில் அதிர்வது. அதை மட்டும் இந்த லென்ஸ் வடிகட்டிவிடும். ஆனால் இதே லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது போன், இன்வெர்ட்டர், மல்டிமீட்டர் ஆகியவற்றின் திரைகள் சில கோணங்களில் இருண்டுபோகும். மின்சாரத்தோடு வேலை செய்கிறவள் எண்ணைத் தவறாகப் படித்துவிடக் கூடாது. உன் மல்டிமீட்டரைக் கடைக்கே எடுத்துப்போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாக் கோணத்திலும் பார்த்துவிட்டு வாங்கு. போலரைஸ்டு என்ற சொல் புற ஊதாக் கதிருக்கு உத்தரவாதம் ஆகாது, அதைத் தனியே கேட்டுக்கொள்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். அது எளிதில் உடையாது, புற ஊதாக் கதிரையும் இயல்பாகவே தடுக்கும். ஆனாலும் துளையிடும்போதும் அறுக்கும்போதும் கம்பெனி கொடுக்கும் காப்புக் கண்ணாடியைத்தான் போடவேண்டும். நிறத்தில் சாம்பலும் பழுப்பும் நல்லவை. மஞ்சள் கண்ணாடி இரவு ஓட்டத்துக்கு உதவும் என்று யார் சொன்னாலும் வாங்காதே, அது வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும்.

வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். புற ஊதாக் கதிர் பட்டால்தான் அது கறுக்கும். வண்டியின் முன் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், ஓட்டும்போது உனக்கு அது பயன்படாது. உன் மைனஸ் இரண்டு பவரைப் போட்டே கூலிங் கிளாஸ் செய்துகொள். மிகவும் வளைந்த ஃப்ரேமில் பவர் போட்டால் ஓரப் பார்வை கோணலாகும், மிதமான வளைவும் அகலமான கம்பியும் இருந்தால் பக்க வெயிலும் மணலும் உள்ளே வராது. உன் மூன்றாவது படத்தில் உள்ள பழுப்புக் கண்ணாடி அப்படித்தான் தெரிகிறது. எனக்கு அதுதான் சம்மதம். அம்மா சொன்ன வட்ட ஃப்ரேமும் உனக்கு அழகாகத்தான் இருக்கும், யுவி 400 இருந்தால் கடைவீதிக்குப் போகும்போது போட்டுக்கொள்.

லடாக் போவதாகச் சொன்னாயே, அங்கே மட்டும் கணக்கு வேறு. ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் பத்திலிருந்து பன்னிரண்டு சதவீதம் கூடும். லே நகரமே 3500 மீட்டரில் இருக்கிறது. காய்ந்த மணல் அந்தக் கதிரில் 15 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்புகிறது என்றால், புதுப்பனி 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். பனியில் நடக்க, பக்கமறைப்புள்ள 4ஆம் எண் கண்ணாடியை அப்போது வாடகைக்கோ கடனாகவோ வாங்கிக்கொள்.

மணல் படிந்த லென்ஸைத் துப்பட்டாவால் துடைக்காதே, தண்ணீரில் அலசிவிட்டுத் துடை. ஜீப் டேஷ்போர்டின்மேல் வெயிலில் விட்டுவைக்காதே, பூச்சு வெடித்துவிடும். பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போது அந்தச் சீட்டைப் படமெடுத்து அனுப்பு, நான் படித்துப் பார்த்துச் சொன்னபிறகு பணம் கட்டு.

அன்புடன்,
அப்பா