ரைசோபியம் பாக்கெட்டை வெயிலில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை நெருங்கினால் யூரியா தட்டுப்பாடு பற்றிச் செய்தி வந்துவிடும், சரி, ஆனால் உளுந்துக்கும் கடலைக்கும் விதையில் புரட்டி விதைநேர்த்தி செய்கிற ரைசோபியம் என்ற பாக்டீரியா உரம் எந்த லட்சணத்தில் எங்கள் கைக்கு வருகிறது என்று யாரும் எழுதக் காணோம். உச்சிப்புளிப் பக்கம் எங்களுக்கு மணல் பூமி, யூரியா போட்ட பிறகு ஒரு மழை வலுத்துப் பெய்தால் போதும், கரைந்து கீழே இறங்கிவிடும். காற்றில் 78 சதவீதம் இருக்கிற நைட்ரஜனை வேர் முடிச்சிலேயே குடியிருந்து பிடித்துக் கொடுக்கிற பாக்டீரியா இந்த மண்ணுக்கு எவ்வளவு பெரிய தோது! (வெட்டி மாளாத நம் சீமைக்கருவேலமும் அதே பயறுக் குடும்பம்தான், அதற்கு யார் உரம் வைத்தார்கள்?)

போன பருவத்தில் நான் வாங்கிய கடையில் இந்தப் பாக்கெட்டுகள் தகரக் கொட்டகையில் பூச்சிமருந்து டப்பாக்களோடு கிடந்தன. காலாவதி தேதி தாண்டவில்லைதான், ஆனால் உள்ளே இருப்பது உயிருள்ள பாக்டீரியா, சூட்டில் செத்துப்போகும், செத்தது வெளியே தெரியவும் செய்யாது. பூக்கிற சமயத்தில் உளுந்துச் செடியை வேரோடு தோண்டி எடுத்து முடிச்சைக் கிள்ளிப் பார்த்தேன். ஒழுங்காக வேலை செய்கிற முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தருகிற நிறம் அது, ஆக்சிஜன் கூடினால் நைட்ரஜனைப் பிடிக்கிற நொதி கெட்டுவிடும் என்பதால் அதை அளவாக உள்ளே விடுகிற வேலையும் அதனுடையதுதான். எனக்குக் கிடைத்ததோ சொற்ப முடிச்சுகள், அதுவும் உள்ளே வெளுத்துக் கிடந்தன. ஹாலந்துக்காரர் பெய்யரிங்க் 1888-லேயே இந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டிவிட்டார், நாம் இன்னும் அதைச் சிமெண்ட் மூட்டை மாதிரி அடுக்கி வைக்கிறோம்.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பூஞ்சாண மருந்தையும் ரைசோபியத்தையும் ஒரே நேரத்தில் விதையில் புரட்டுகிறார்கள். மருந்து கலந்து 24 மணி நேரம் விட்டு, அப்புறம் ஆறிய வடிகஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். யூரியாவை அள்ளி விட்டாலும் செடி முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

வேளாண்மைத் துறை செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பாக்கெட்டுகளைப் புரட்டாசிக்குள் அனுப்புங்கள், கிட்டங்கியிலும் கடையிலும் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், சொன்னபடி வைத்திருக்கிறார்களா என்று விதைப்புக்கு முன் ஒருதடவை நேரில் வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
கடலை விவசாயி, உச்சிப்புளி