தெம்பல்ஹோஃப் உருளையைப் பார்த்துவந்த மகளுக்கு

அன்புக் கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். உன் பல்கலைக்கழகச் சாலையில் வரிசையாக நிற்கும் இரட்டை விளக்குக் கம்பங்கள் அம்மாவுக்குப் பிடித்துவிட்டன. நான் மண் பரிசோதனையிலேயே காலம் கழித்தவன். பெர்லினின் தெம்பல்ஹோஃப் பகுதியில் நீ பார்த்துவந்த கான்கிரீட் உருளையை விட்டு என் கண் நகரவில்லை.

12,650 டன் எடை. தரைக்கு மேல் 14 மீட்டர், தரைக்குள் 18 மீட்டர். ஹிட்லருக்கு மாபெரும் வெற்றி வளைவு கட்டவேண்டும், பெர்லின் மண் தாங்குமா என்று பார்க்க 1941-இல் எழுப்பினார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. முறையான பரிசோதனைதான், என்னிடம் அந்த வேலை வந்திருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பேன். இதை நினைத்து இரண்டு இரவுகள் தூக்கம் வரவில்லை.

கம்பங்களும் உருளையும் ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பீயருடைய திட்டங்கள். அவருடைய நினைவுக் குறிப்புகளைப் படித்துவிட்டு, "அவர் ஒருவராவது பொறுப்பை ஒப்புக்கொண்டார் அப்பா" என்று போனில் சொன்னாய். அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

1905-இல் மன்ஹைமில் பிறந்தவர். அப்பா, தாத்தா இருவரும் கட்டடக் கலைஞர்கள். நீ படிக்கும் அதே நிறுவனத்தில் படித்து, அங்கேயே உதவி ஆசிரியராக இருந்தவர். 1931-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். நியூரம்பெர்க் கூட்டத்தில் வானை நோக்கித் தேடொளி விளக்குகளை நிறுத்தி ஒளியாலேயே மண்டபம் எழுப்பியது, 1939 ஜனவரியில் புதிய சான்சலர் மாளிகையைக் கட்டி முடித்தது எல்லாம் உனக்குத் தெரியும். 1942 பிப்ரவரியில் ஆயுத அமைச்சர் ஃப்ரிட்ஸ் டோட் விமான விபத்தில் இறந்ததும், 36 வயதில் அந்தப் பதவிக்கு வந்தார்.

நான் கேட்பது வேறு. கல் எங்கிருந்து வந்தது? 1938-இல் ஃப்ளோசென்பூர்க், மௌத்தௌசென் வதைமுகாம்களைக் கருங்கல் குவாரிகளை ஒட்டியே அமைத்தார்கள். கைதிகளை வைத்துக் கல் உடைத்தது, முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்.-இன் நிறுவனம். அதற்கு ஸ்பீயரின் அலுவலகம் முன்பணம் கொடுத்தது. முன்பணம் கொடுத்தவர் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் இருப்பாரா? கட்டுமானத் தொழிலில் இருக்கும் எவரும் இதை நம்பமாட்டார்கள்.

1943 டிசம்பர் 10 அன்று மிட்டல்வெர்க்குக்குப் போனார். ஹார்ட்ஸ் மலைப் பக்கம், குன்றைக் குடைந்த சுரங்கத்தில் வி-2 ராக்கெட் தயாரித்த இடம் அது. கைதிகள் சுரங்கத்துக்குள்ளேயே வேலை செய்து, வெடிமருந்துப் புகைக்கும் தூசிக்கும் நடுவே அங்கேயே படுத்துக் கிடந்தார்கள். அவர்களை வைத்திருந்த டோரா முகாமிலும் அதன் கிளைகளிலும் அடைபட்ட சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் செத்துப்போனார்கள். அந்த நிலையைக் கண்டு அதிர்ந்ததாகப் பிற்காலத்தில் ஸ்பீயர் எழுதினார். ஆனால் பார்த்துவந்த ஒரு வாரத்துக்குள், பணியை முடுக்கிய எஸ்.எஸ். அதிகாரி காம்லருக்கு, ஐரோப்பாவிலேயே இதற்கு ஈடில்லை என்ற பொருள்படப் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார். கண்ணம்மா, நான் நம்புவது அந்தக் கடிதத்தை. அது நீதிமன்றத்துக்காக எழுதியதில்லை.

போருக்குப் பின் நடந்த நியூரம்பெர்க் விசாரணையில் ஸ்பீயருக்கு 20 ஆண்டு சிறை. அவர் கேட்கக் கேட்கக் கட்டாயத் தொழிலாளர்களைப் பிடித்துக்கொடுத்த சௌக்கலுக்குத் தூக்கு. சௌக்கல் கரடுமுரடாகப் பேசினார், ஸ்பீயர் பண்பாகப் பேசினார். தண்டனையில் அதுவும் சேர்ந்துகொண்டது என்றே எனக்குப் படுகிறது. யூதப் படுகொலை தனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் அவர் கடைசிவரை சொல்லிவந்தது. 1943 அக்டோபர் 6 அன்று போசென் நகரில் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வது பற்றி வெளிப்படையாகப் பேசியபோது தான் அங்கே இல்லை என்று சாதித்தார். தான் இருந்ததாக 1971-இல் அவரே ஒரு பெண்மணிக்கு எழுதிய கடிதம் 2007-இல் வெளியே வந்தது. அதற்குள் அவர் இறந்து 26 ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஸ்பாண்டாவ் சிறையில் இருந்தவரிடம், படித்த மனிதர் நீங்கள் எப்படி இதில் இருந்தீர்கள் என்று கடிதத்தில் கேட்டவள் அவருடைய மகள் ஹில்டே. பிற்காலத்தில், அப்பா வழியாக வந்த ஓவியங்களை விற்று, யூதப் பெண் கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உதவும் அறக்கட்டளையைத் தோழிகளுடன் தொடங்கினார். அந்த வீட்டில் நான் மதிக்கும் ஆள் அவர்.

நீ கேட்பதற்கு முன்பே நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிது. ஒரு பாலம் கட்டும் இடத்தில் தினமும் மாலை மஸ்டர் ரோலில், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேட்டில், கையெழுத்துப் போடுவேன். ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை. ஒரு நாள் பெருமழை. டார்ச் விளக்கோடு சுற்றிவந்தபோது, பதிக்காமல் கிடந்த ஹியூம் பைப் (பெரிய கான்கிரீட் குழாய்) ஒன்றுக்குள் ஜல்லி உடைக்கும் பெண்ணும் இரண்டு குழந்தைகளும் சுருண்டு கிடந்தார்கள். பைப்பில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்தப் பெண் எழுந்து, "ஐயா, காலையில் போய்விடுகிறோம்" என்றாள். நான்கு மாதம் அவள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கே படுக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இதையும் அதையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் "எனக்குத் தெரியாது" என்று ஸ்பீயர் சொன்னதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தைகளின் நனைந்த தலைமுடி எனக்கு நினைவுக்கு வருகிறது.

வேலைக்குச் சேரப்போகிறாய். ஒப்பந்தக்காரர் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போடுமுன் ஆட்கள் தங்கும் இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் போடு.

இன்னொரு வேலையும் இருக்கிறது. தலைநகரைப் புதிதாகக் கட்டுவதற்காக ஸ்பீயரின் அலுவலகம் யூதக் குடும்பங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றியது. 1941 அக்டோபர் முதல் பெர்லின் யூதர்கள் பலரை ரயிலேற்றிய இடம் க்ரூனெவால்ட் நிலையத்தின் 17-ஆம் நடைமேடை. அங்கே நடைமேடை ஓரத்தில் 186 இரும்புத் தகடுகள் பதித்திருக்கிறார்களாம். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, எத்தனை பேர், எந்த ஊருக்கு என்று இருக்கும். குளிர் அதிகமாகுமுன் போய்வா. 18.10.1941 தகட்டில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா