மூன்று போகப் பட்டியலும் ஒரே நெடுவரிசையும்

மன்னார்குடி

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஊர் வாய்க்காலில் கடைமடை வரை தண்ணீர் வந்துவிட்டது என்ற செய்தி மனத்துக்கு நிறைவளித்தது. இங்கும் குறுவை நடவு முடிந்துவிட்டது.

பாசனதாரர் சங்கத்துக்காக நீ எக்செலில் வைத்திருக்கும் குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று நெற்போகங்களின் விவசாயிகள் பெயர்த் தாள்களை ஒரே பட்டியலாக்க வழி கேட்டிருந்தாய். பெயர்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, திரும்ப வருவனவற்றை நீக்கிவிடலாம் என்ற உன் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. குறுவை அறுத்த வயலிலேயே தாளடி நடுவதால் ஒருவர் பெயர் இரண்டு தாள்களிலும் வருவது இயல்புதான்; ஆனால் ஒரே தெருவில் ஒரே பெயருடன் இரண்டு மூன்று பேர் இருக்கும் நம் ஊர்களில், பெயரை மட்டும் பார்த்து நீக்கினால் உரிய விவசாயி ஒருவர் பட்டியலிலிருந்தே விடுபட்டுப்போவார். அப்படி ஒருவருக்கும் நேரக் கூடாது.

ஆகவே முதலில் ஒவ்வொரு தாளிலும் பெயர், தந்தை பெயர், புல எண் ஆகிய மூன்றையும் பக்கவாட்டில் இணைத்துவிடு. கலங்களை ஒன்றாக இணைக்கும் டெக்ஸ்ட்ஜாயின் (TEXTJOIN) சூத்திரத்தில் மேற்கோள் குறிக்குள் ஒரு காற்புள்ளியையும், அடுத்து ட்ரூ (TRUE) என்பதையும், பிறகு அந்த வரிசையின் மூன்று கலங்களையும் கொடுத்தால், தந்தை பெயர் எழுதப்படாத இடத்தில் இரட்டைக் காற்புள்ளி விழாது. இவ்வாறு கிடைக்கும் மூன்று நெடுவரிசைகளையும் புதிய தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தரும் விஸ்டாக் (VSTACK) சூத்திரத்துக்குள் கொடு. அதை அப்படியே யூனிக் (UNIQUE) சூத்திரத்துக்குள் வைத்துவிட்டால், மூன்று விவரங்களும் ஒத்துத் திரும்ப வருகிறவை மட்டுமே நீங்கி, ஒவ்வொன்றும் ஒருமுறை நிற்கும். விஸ்டாக் மைக்ரோசாஃப்ட் 365-இலும் எக்செல் 2024-இலும் இருக்கிறது. உன்னுடையது பழைய பதிப்பானால் கூகுள் ஷீட்ஸில் இதையே செய்யலாம்.

புல எண்ணில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 12/3 என்று தட்டினால் எக்செல் அதை மார்ச் 12 என்றோ, கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து டிசம்பர் 3 என்றோ தேதியாகக் கொள்ளும். தேதிகளை அது 1900 ஜனவரி 1 முதல் எண்ணிய நாள்களாகவே சேமிப்பதால், இணைத்த கலத்தில் புல எண்ணுக்குப் பதிலாக ஓர் ஐந்து இலக்க எண் வந்து நிற்கும். 145/2 போன்றவை மாறாமல் இருப்பதால் பிழை உடனே கண்ணில் படாது. எனவே அந்த நெடுவரிசையை முதலில் உரை வடிவத்துக்கு மாற்றிவிட்டு, தேதியாகிப்போனவற்றைச் சிட்டாவைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய். பெயருக்கு முன்னும் பின்னும் விழுந்த இடைவெளிகளை ட்ரிம் (TRIM) சூத்திரம் களைந்துவிடும். தலைப்பெழுத்தை ஒருவர் முன்னாலும் இன்னொருவர் பின்னாலும் எழுதியிருந்தால் மட்டும் நீயே உட்கார்ந்துதான் சீராக்க வேண்டும்.

திருத்தியபின் கோப்பை எனக்கு அனுப்பு. சூத்திரங்களை ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்