படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொல்ல வந்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வேகமாக முடித்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நவம்பர் 26 அன்று கல்லூரியில் எல்லோரையும் வெயிலில் நிற்கவைத்து அரசமைப்பின் முகப்புரையை வாசிக்கச் சொன்னார்கள், கையை நீட்டி வாசித்தோம், போட்டோ எடுத்ததும் கலைந்துவிட்டோம் என்றாய். "இதனால என்னம்மா ஆகப்போகுது?" என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன். ராத்திரி பாத்திரம் விளக்கும்போதுதான் உறைத்தது, நானும் பல வருஷம் அப்படித்தானே இருந்தேன் என்று.

நம் ஊர்க் கிராம சபையைச் சொல்கிறேன். கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு நீள நோட்டு கைமாறி வரும். நூலில் கட்டிய பேனா ஒன்று அதில் தொங்கும். வந்தவர்கள் எல்லாம் வரிசையாகக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டுவிட்டு வீட்டைப் பார்க்கக் கிளம்புவோம். நானும் போட்டிருக்கிறேன். நீ பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருஷம், அக்டோபர் 2 கூட்டத்தில், என்னவோ தோன்றி நோட்டை முன்பக்கமாகப் புரட்டினேன். மேலே தேதி மட்டும் எழுதியிருந்தது. தீர்மானம் இருக்க வேண்டிய பக்கம் வெள்ளையாக இருந்தது. நாங்கள் போட்ட கையெழுத்துக்கு மேலே பிறகு யாரோ என்னவோ எழுதிக்கொள்வார்கள்!

"தீர்மானத்தைப் படிங்க, அப்புறம் போடுறேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். குரல் நடுங்கியது, அதை மறைப்பானேன். பக்கத்தில் இருந்தவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மேடையில் இருந்தவர் "எல்லாம் நல்லதுக்குத்தாம்மா" என்றார். ஆனால் பின்னால் இருந்து இன்னும் நாலு பெண்கள் "ஆமா, படிங்க" என்றதும் படித்தார்கள். நம் சந்துக்குத் தெருவிளக்கு கேட்டேன். அதையும் எழுதச் சொல்லி, எழுதிய வரியை நானே பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாறு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. கேட்டால் "அப்படி ஒரு தீர்மானமே இல்லையே" என்றார்கள். அப்போதுதான் தகவல் உரிமைச் சட்டம் கைக்கு வந்தது. வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தீர்மானத்தின் நகலைக் கேட்டேன். எதற்குக் கேட்கிறாய் என்று காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது. 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. எனக்கு இருபத்தெட்டாவது நாள் வந்தது. என் வரி அதில் இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், நீ பிளஸ் டூவில் மார்க் வாங்கிய அன்றுகூட வந்ததா தெரியவில்லை (கோபித்துக்கொள்ளாதே).

அரசமைப்புப் புத்தகம் பெரிசாக இருக்கிறது, யார் படிப்பது என்றாயே, அதை முதலில் சொன்னது நீ இல்லை. அதை எழுதிய அரசியல் நிர்ணய சபைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து போன அம்மு சுவாமிநாதன், 1949-லேயே அந்தச் சபையில் பேசும்போது, கைப்பையில் எடுத்துப்போகிற அளவில் இருக்கும் என்று நினைத்தேன், இவ்வளவு பெரிசாகிவிட்டதே என்று அங்கலாய்த்திருக்கிறார். அப்போதே 395 பிரிவுகள். இப்போது அது உன் போனுக்குள் அடங்கிவிடும். எல்லாம் வேண்டாம். அடிப்படை உரிமைகளைச் சொல்லும் மூன்றாம் பகுதியை மட்டும் எடு, 12 முதல் 35 வரை. பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிக்காதே. ஹாஸ்டலில், வகுப்பில், பஸ்ஸில் நடந்த ஏதாவது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, இதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று தேடு.

19-ஆம் பிரிவைப் படித்தால் பேச்சுரிமை என்கிற முதல் வரியோடு நிறுத்தாதே. கீழே 19(2) இருக்கிறது, எந்தெந்தக் காரணத்துக்காக அரசு கட்டுப்படுத்தலாம் என்று. 1950-ல் சென்னை மாகாண அரசு ஒரு பத்திரிகையை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்தது, உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அடுத்த வருஷமே முதல் திருத்தம் கொண்டுவந்து அந்தக் கட்டுப்பாடுகளை அகலப்படுத்தினார்கள். வாட்ஸ்அப்பில் 'அரசமைப்பே சொல்கிறது' என்று வருவதில் பெரும்பாலும் பாதிதான் இருக்கும், அது எந்தப் பக்கத்து ஆள் அனுப்பினதாக இருந்தாலும் சரி.

உன்னை ஹாஸ்டலில் விடும்போது "வம்பு தும்புக்குப் போகாதே" என்று நான்தான் சொன்னேன். அப்பா இப்போதும் அதையேதான் சொல்கிறார். பயம் எனக்கும் போகவில்லை. அமைதியாக, ஆயுதம் இல்லாமல் கூடுவது உரிமை என்று அச்சில் இருப்பது வேறு, அங்கே நிற்பது என் பெண் என்பது வேறு. போகாதே என்று இனிச் சொல்ல மாட்டேன். யார் கூப்பிட்டாலும் அவர்கள் கொடுக்கும் தாளை முழுசாகப் படி. கோரிக்கை என்ன, யாரிடம் கேட்கிறார்கள் என்று புரிந்த பிறகு முடிவு செய்.

இன்னொரு விஷயம். உனக்குப் பதினெட்டு முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, வாக்காளர் பட்டியலில் இன்னும் பெயர் இல்லை. 1989 வரைக்கும் இந்த நாட்டில் இருபத்தொரு வயது ஆனால்தான் ஓட்டு. என் அக்கா காத்திருந்து வாங்கியதை நீ சும்மா போட்டு வைத்திருக்கிறாய். பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ நிரப்பு. மாணவர்கள் சொந்த ஊரிலும் பதியலாம், கல்லூரியில் சான்று வாங்கி ஹாஸ்டல் முகவரியிலும் பதியலாம், ஆனால் ஏதாவது ஒரு இடத்தில்தான். அங்கே பதிந்தால் தேர்தல் அன்றைக்கு லீவும் பஸ்ஸும் தேட வேண்டாம். இங்கே பதிந்தால்தான் நம் கிராம சபையில் நீ உறுப்பினர், ஏனென்றால் ஊர் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் சபை. நான் இங்கே என்றுதான் ஆசைப்படுவேன், ஆனால் ஓட்டு உன்னுடையது.

மே 1 அடுத்த கூட்டம். லீவுக்கு வந்தால் கூட வா. தெருவிளக்கு வந்துவிட்டது, மாதத்தில் பாதி நாள்தான் எரிகிறது. இன்னொரு மனு எழுத வேண்டும். என் கையெழுத்து எனக்கே புரியவில்லை, நீ எழுதிக் கொடு, படித்துப் பார்த்துவிட்டு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா